கற்றுக்கொள்ள இடம் தராத வேலைகள்

திறமையான ஆட்கள் கிடைப்பதில்லை என்ற குறையை இயந்திரக் கூடங்களில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது மேலாளர்கள் சொன்னார்கள். இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் செட்டராக உயர்ந்த பிறகு சூப்பர்வைசர்கள் சொன்னார்கள். பயிற்சிப் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும் பொறுப்பே என் தலையில் வந்து விழுந்தது. வகுப்பு நடத்துங்கள், சான்றிதழ் கொடுங்கள், இவர்களை ஆளாக்கி அனுப்புங்கள் என்றார்கள். நடத்தினோம், கொடுத்தோம், அனுப்பினோம். ஆனால் நன்றாகக் கற்றுத் தேறிய இளைஞர்கள்கூட ஓராண்டு கழித்துத் திரும்பி வந்து பேசும்போது, வகுப்பில் அறிந்திருந்ததில் பாதியை மறந்திருந்தார்கள். அறிவுக் குறைவோ அக்கறைக் குறைவோ அதற்குக் காரணமில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையில் அந்த அறிவுக்கு வேலையே இருக்கவில்லை.

திறன் பற்றிய பேச்சு எப்போதும் தொழிலாளியின் தலையிலும் கையிலும் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. அவர் செய்யும் வேலை எப்படித் துண்டாக்கப்பட்டிருக்கிறது, அதில் எதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு, பிழை நேர்ந்தால் அதிலிருந்து கற்க அவருக்கு நேரம் தரப்படுகிறதா என்ற கேள்விகளை யாரும் பயிற்சித் துறையிடம் கேட்பதில்லை. அவை தொழில் உறவுத் துறையின் கேள்விகள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டு துறைகளுக்கும் நடுவே சுவர் எழுப்பியதுதான் நாம் செய்த பெரிய பிழை என்று நான் நம்புகிறேன். திறன் வளர்வதும் தேய்வதும் வேலை அமைப்பைப் பொறுத்தது. வேலை அமைப்பு, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு சிஎன்சி லேத்தை, அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரத்தை, எடுத்துக்கொள்வோம். அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிறிய சாவித் துளை இருக்கும். ப்ரோக்ராமைத் திருத்தவிடாமல் பூட்டி வைப்பதற்கான சாவி அதில் பொருந்தும். பூட்டிய நிலையில், இயந்திரத்தின் முன் நிற்பவர் ஜாபை, அதாவது கடைய வேண்டிய உலோகத் துண்டை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டலாம், சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தலாம், முடிந்ததை வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கலாம், டூல் தேய்வதற்கு ஏற்ப ஆஃப்செட்டை, அதாவது டூலின் நிலையைச் சரிசெய்யும் எண்ணை, சற்றே கூட்டிக் குறைக்கலாம். சில கூடங்களில் ஆஃப்செட்டையும் தொடக் கூடாது. எஃகுத் தண்டு ஒன்றைக் கடையும்போது, உலோகச் சுருள் சிறு துண்டுகளாக உடைந்து விழாமல் நீண்ட நூலாக வந்து ஜாபைச் சுற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய டர்னருக்குக் காரணம் பார்த்த உடனே பிடிபடும். ஃபீட், அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம், குறைவாக இருக்கிறது; சுற்றுக்கு 0.12 மில்லிமீட்டராக இருப்பதை 0.2 வரை உயர்த்தினால் சுருள் தடித்து, டூலின் நுனியில் பொருத்திய வெட்டுத் துண்டான இன்செர்ட்டின் பள்ளத்தில் மடங்கி உடைந்து விழும். ஃபீட்டை உயர்த்தினால் மேற்பரப்பின் மென்மை கெடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே எதுவரை உயர்த்தலாம் என்பதை இரண்டு மூன்று பீஸ்களில் பார்த்துத் தீர்மானிப்பார். சாவி பூட்டியிருக்கும் கூடத்தில் நிற்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொரு பீஸுக்கும் இயந்திரத்தை நிறுத்தி, கொக்கியால் சுருளை இழுத்தெறிந்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட்டை அழுத்துவது. ஷிப்ட் முடியும்வரை அதையே செய்வது.

இப்படி ஓராண்டு நின்றவருக்கு ஏட்டில் ஓராண்டு அனுபவம் சேர்ந்துவிடும். அடுத்த கூடத்தில் நேர்முகத் தேர்வின்போது ஃபீட்டைப் பற்றியும் இன்செர்ட்டைப் பற்றியும் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆட்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்ற முடிவுக்கு வருவதற்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. சாவிக்கு நியாயமான காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தப்பான எண் ஒன்று போய்விட்டால் டூல்களைத் தாங்கும் டரட் சக்கில் மோதி, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலே பழுதாகிவிடும். ஆனால் அந்த அச்சத்துக்கு வேறு தீர்வுகளும் இருந்தன. நான் வேலை பார்த்த இன்னொரு கூடத்தில், ஆறு மாதம் பழகிய ஆப்பரேட்டர்களிடமே சாவி இருந்தது. எதை மாற்றினாலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஷிப்டில் வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காலையில் முதல் சில பீஸ்களின் அளவு தள்ளி நிற்கும், ஸ்பிண்டில் சூடேறும் முன் ஆஃப்செட்டைத் தொட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருப்பார். புதிதாக வந்த கம்பியில் கடினம் கூடுதலாக இருக்கிறது, இன்செர்ட்டை வழக்கத்துக்கு முன்பே மாற்றவும் என்று இன்னொருவர் எழுதியிருப்பார். நான் நடத்திய எந்த வகுப்பும் அந்த நோட்டுக்கு ஈடாகாது. இரண்டு கூடங்களிலும் இருந்தவை ஒரே வகை இயந்திரங்கள்.

இயந்திரத்தின் இயல்பே இப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் பிறந்த காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது. 1940-களின் பிற்பகுதியில், அனுபவமுள்ள மெஷினிஸ்ட் ஒருவர் முதல் பீஸைத் தம் கையால் செய்யும்போது இயந்திரத்தின் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்துகொண்டு, பின்னர் அதே அசைவுகளை இயந்திரம் தானாகத் திரும்பச் செய்யும் முறையை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கியது. அந்த முறையில் ப்ரோக்ராமை எழுதுபவர் இயந்திரத்தை இயக்குபவரே. அமெரிக்க விமானப் படையின் நிதியோடு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் செய்துகாட்டிய எண்வழிக் கட்டுப்பாட்டு முறையிலோ, அசைவுகள் அலுவலகத்தில் கணக்கிடப்பட்டுத் துளையிட்ட நாடாவாகக் கூடத்துக்கு வந்தன. இரண்டாவது முறைதான் வென்றது. விமானப் பாகங்களின் சிக்கலான வளைவுகளைக் கையால் ஒருமுறை செய்து பதிவதைவிடக் கணக்கிட்டுச் செய்வது துல்லியமானது என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சுட்டிக்காட்டியவர் வரலாற்றாசிரியர் டேவிட் நோபல்: கூடத்தின் வேகத்தை மெஷினிஸ்டின் கையிலிருந்து அலுவலகத்துக்கு மாற்ற நிர்வாகங்கள் விரும்பின. இரண்டும் உண்மை என்றே நான் கருதுகிறேன். தொழில்நுட்பக் காரணத்தின் தோளில் ஏறி அதிகாரக் காரணம் உள்ளே வருவது வேலை உலகில் அடிக்கடி நடப்பதுதான்.

இந்த விருப்பத்துக்கு அதைவிட நீண்ட வரலாறு உண்டு. ஃபிரெடரிக் டெய்லர் 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சேர்ந்து இயந்திரக் கூடத்திலிருந்து மேலேறியவர்; உலோகம் வெட்டும் கலையைப் பல ஆண்டுகள் சோதனை செய்து ஆராய்ந்தவர். தொழிலாளர்களின் வழிவழி அறிவு நிர்வாகத்துக்குத் தெரியாமல் இருப்பதால்தான் அவர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்ய முடிகிறது என்பதை அவர் கூடத்திலேயே கண்டிருந்தார். அதனால் அந்த அறிவு முழுவதையும் திரட்டி, விதிகளாகவும் அட்டவணைகளாகவும் ஆக்கி, திட்டமிடும் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். சிந்திக்கும் வேலை கூடத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்றார். 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையைவிட்டு வெளியேறியது சம்பளத்துக்காக அன்று. டெய்லரின் முறைப்படி வேலை நேரத்தை அளக்க ஸ்டாப் வாட்சுடன் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதற்காக. அதன் தொடர்ச்சியாக நாடாளுமன்ற விசாரணை நடந்தது. ராணுவ ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் கொண்டு நேரம் கணிப்பதற்கு நிதி தரக் கூடாது என்று 1915-இல் தடையும் வந்தது. தங்கள் அறிவு தங்களிடமிருந்து எடுக்கப்படுவதை அந்த வார்ப்பாளர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

அறிவு முழுவதையும் விதிகளாக எழுதிவிட முடியும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைத் தொழிலாளர்களே ஒரு போராட்ட முறையால் காட்டியிருக்கிறார்கள். விதிப்படி வேலை என்று நாம் அழைக்கும் போராட்டத்தில் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. நிர்வாகம் எழுதிவைத்த நடைமுறைகளை ஒன்றுவிடாமல் பின்பற்றுகிறார்கள், அவ்வளவுதான். ரயில்வேயிலும் அஞ்சலகத்திலும் விமான நிலையத்திலும் அது நடக்கும்போது சில மணி நேரத்திலேயே எல்லாம் தேங்கி நின்றுவிடுகிறது. விதியில் எழுதப்படாத கணிப்பையும் விட்டுக்கொடுத்தலையும் கைப்பழக்கத்தையும் தொழிலாளர்கள் நாள்தோறும் விரும்பித் தருவதால்தான் நிறுவனங்கள் ஓடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொடையைத் திறன் என்று எந்தப் படிவமும் பதிவு செய்வதில்லை.

வேலை அமைப்புக்கும் திறனுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்தவற்றில், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிய ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும், அதற்கு முன் 18 ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்திருந்த கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் வெளியிட்ட ஆய்வு அது. இயந்திரங்கள் வருவதற்கு முன், இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு கரி முகத்தின், அதாவது கரி வெட்டப்படும் சுவரின், ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வெட்டுவது முதல் கூரைக்கு முட்டுக் கொடுப்பது, கரியை அள்ளி ஏற்றுவது வரை அனைத்தையும் தானே செய்தது. கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். கூரை எப்போது இறங்கும், எந்த ஓசைக்கு ஒதுங்க வேண்டும் என்பதையெல்லாம் புதியவர் பழையவரின் அருகிலேயே இருந்து கற்றார். வெட்டும் இயந்திரமும் கன்வேயரும் வந்தபோது, நீண்ட கரி முகத்தை ஒரே அலகாக்கி, 40 பேருக்கு மேற்பட்டவர்களை மூன்று ஷிப்டுகளில் பிரித்து, ஒரு ஷிப்ட் துளையிட்டு வெட்டவும், ஒன்று கன்வேயரை நகர்த்தவும், ஒன்று கரியை அள்ளவும் மட்டும் என்று வகுத்தார்கள். முந்தைய ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விடிந்தது; குற்றச்சாட்டுகள் பெருகின; வேலைக்கு வராதவர்கள் கூடினார்கள்; தனியாக அள்ளிக்கொண்டிருந்தவரிடம் மன உளைச்சலின் உடல் அறிகுறிகள் தென்பட்டன.

பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. சில சுரங்கங்களில் தொழிலாளர்களே அதே இயந்திரங்களை வைத்துக்கொண்டு வேறு விதமாக ஒழுங்கமைத்திருப்பதை அவர்கள் கண்டார்கள். பல வேலைகளையும் அறிந்தவர்கள் கொண்ட குழு, வந்த ஷிப்டில் எது மீதமிருக்கிறதோ அதைத் தொடர்ந்தது. ஆள் பிரிவைக் குழுவே முடிவு செய்தது. கூலி குழுவுக்குப் பொதுவாகப் பங்கிடப்பட்டது. டர்ஹாம் பகுதியில் பின்னர் நடந்த ஒப்பீட்டில், இப்படி அமைந்த கரி முகத்தில் வேலைக்கு வராமை மற்றதைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது, உற்பத்தியும் கூடியது. இங்கே நான் கவனிப்பது கூலி முறையைத்தான். ஒவ்வொரு துண்டு வேலைக்கும் தனிக் கூலி என்ற பேரம் இருந்தவரை, அடுத்தவரின் வேலையைக் கற்றுக்கொள்ள யாருக்கும் காரணமில்லை. கூலி பொதுவானபோது கற்றலும் பொதுவானது. பயிற்சித் துறை எதுவும் செய்யாமலே, ஒரு கூலி ஒப்பந்தம் பல்திறன் தொழிலாளர்களை உருவாக்கியது.

கார் தொழிலில் இதே பாடத்தைப் பலரும் எடுத்துக்காட்டுவது கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை வைத்துத்தான். அமைதியற்ற தொழில் உறவுக்குப் பெயர்பெற்று, வராதோர் விகிதம் 20 விழுக்காட்டை ஒட்டி இருந்த அந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவுடனான கூட்டு நிறுவனமாக நம்மி என்ற பெயரில் திறக்கப்பட்டபோது, சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். குறை தென்பட்டால் கயிற்றை இழுத்து அசெம்பிளி லைனையே நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. ஏராளமான வேலைப் பிரிவுகள் ஒரு சிலவாகச் சுருக்கப்பட்டன. குறுகிய காலத்திலேயே வராமை வெகுவாகக் குறைந்தது. கார்களின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு உயர்ந்தது. நிர்வாகவியல் வகுப்புகளில் கயிற்றோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வாக்குறுதியும் இருந்தது: நிறுவனத்தின் உயிருக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்பு செய்வதில்லை. 1988-இல் விற்பனை சரிந்தபோது, தொழிலாளர்களை வெளியே அனுப்பாமல் பயிற்சியிலும் மேம்பாட்டுப் பணிகளிலும் ஈடுபடுத்தினார்கள். தன் யோசனையால் ஓர் ஆள் மிச்சமானால் அந்த ஆள் தானாகவே இருக்கக்கூடும் என்று அஞ்சுகிறவர் யோசனை சொல்ல மாட்டார். கயிற்றை இழுக்கும் கைக்குத் துணிவு தந்தது அந்த வாக்குறுதிதான். வேலையின் வேகம் முன்பைவிடக் கடுமையானது என்பதையும், அதை எதிர்த்த அணி சங்கத்துக்குள்ளேயே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த எதிர்ப்பும் நியாயமானதே.

தொழிற்சங்கங்களின் பங்கைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். சங்கத்தின் செயற்குழுவில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். புதிய இயந்திரம் வரும்போது அதன் வடிவமைப்பை நிர்வாகத்தின் உரிமையாக விட்டுவிட்டு, அதற்கு ஈடாகப் பணமும் பாதுகாப்பும் கேட்பதுதான் நமக்குப் பழகிய பேரம். அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 1960-இல் இயந்திரமயத்துக்கு வழிவிட்டு, வருமான உறுதியும் ஓய்வுக்கால நிதியும் பெற்றார்கள். நியூயார்க் நாளிதழ்களின் அச்சுக் கோப்பாளர்கள் 1974-இல் கணினி அச்சுக்கோப்புக்கு வழிவிட்டு, ஆயுட்கால வேலை உறுதியைப் பெற்றார்கள். அன்றைக்கு வேலையில் இருந்தவர்களைக் காப்பாற்றிய நல்ல ஒப்பந்தங்கள் அவை. நான் அவற்றைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொழில்களின் அடுத்த தலைமுறை எதைக் கற்கும் என்ற கேள்வி அந்த மேசையில் பெரிதாக எழவில்லை. அதை எழுப்பியவர்களும் உண்டு. ஆட்குறைப்பு அச்சுறுத்தலை எதிர்கொண்ட பிரிட்டனின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமானப் பாக நிறுவனத்தின் தொழிலாளர் பிரதிநிதிகள், தங்கள் திறன்களைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று உறுப்பினர்களிடமே கேட்டுத் திரட்டி, வெப்பப் பம்புகள், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வாகனம் உட்படச் சுமார் 150 பொருள்களுக்கான யோசனைகளை 1976-இல் முன்வைத்தார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. எதை உற்பத்தி செய்வது என்பது சங்கத்தின் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதன்று என்பதே பதிலாக இருந்தது.

பயிற்சிக்கு யார் பணம் தருவது என்ற கேள்விக்கு வருவோம். எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத் திறனுக்கு நிறுவனங்கள் செலவழிக்க மாட்டா, ஏனெனில் கற்றவர் கூடுதல் சம்பளத்துக்கு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார் என்று பொருளியலாளர் காரி பெக்கர் 1964-இல் வாதிட்டார். நான் சந்தித்த ஒவ்வொரு மனிதவள அதிகாரியும் அவரைப் படிக்காமலே இதைத்தான் சொன்னார். ஆனால் ஜெர்மனியில் பல லட்சம் இளைஞர்கள் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் வரை நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் பயில்கிறார்கள். நிறுவனப் பயிற்சியின் செலவை நிறுவனங்களே ஏற்கின்றன. பாடத்திட்டத்தை முதலாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அரசும் உட்கார்ந்து பேசி எழுதுகின்றன. தேர்வு நிறுவனத்துக்கு வெளியே நடக்கிறது. துறை முழுவதற்கும் பொருந்தும் கூட்டுச் சம்பள ஒப்பந்தங்கள் இருப்பதால் ஆளைத் தட்டிப் பறிப்பதற்கு முன்பு குறைந்த இடமே இருந்தது. அந்த ஒப்பந்தங்களின் பிடி தளர்ந்துவருவது அங்கும் கவலைக்குரிய செய்தி. பயிற்சியைக் காப்பாற்றி நின்றது கூட்டுப் பேரம் என்பதை நினைவில் வைத்தால், சங்கங்களை ஒருபக்கம் பலவீனப்படுத்திக்கொண்டே மறுபக்கம் திறன் மேம்பாட்டுத் திட்டங்களை அறிவிக்கும் அரசுகளைப் பார்த்து வருத்தமே மிஞ்சுகிறது.

குறுகிய கால ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. சில மாதங்களில் போகப்போகிறவருக்குக் கற்றுத்தர சூப்பர்வைசருக்கு மனம் வராது. பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியோ, தன் வேலையைக் கற்றுக்கொடுத்தால் அது குறைந்த கூலிக்குப் போய்விடும் என்று அஞ்சுவார். இரண்டு அச்சங்களுக்கும் நடுவே நிற்பவர், பத்து ஆலைகளில் வேலை பார்த்தும் பத்து முறை முதல் ஆண்டையே வாழ்ந்திருப்பார்.

செயலி வழியாக நடக்கும் வேலைகள் இந்தப் போக்கின் எல்லைக்கே போயிருக்கின்றன. வாகன ஓட்டுநர் ஆண்டுக்கணக்கில் சேர்க்கும் மதிப்பெண் அந்தச் செயலியை விட்டு வெளியே வந்தால் எதற்கும் உதவாது. எந்தப் பயணம், எந்த வழி, என்ன கட்டணம் என்ற தீர்மானங்கள் அவரிடம் இல்லாததால், பட்டறிவு சேர்வதற்கான இடங்களும் அடைபட்டிருக்கின்றன. ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்ற வாதத்தைப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒருமனதாக நிராகரித்தபோது, அதற்குக் காட்டிய காரணங்களை நான் திறனின் கண்ணோட்டத்தில் படித்தேன். கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனம், ஒப்பந்த விதிகளை எழுதுவது நிறுவனம், பயணங்களை மறுத்தால் தண்டிப்பது நிறுவனம், பயணியோடு தொடர்பு வளராமல் பார்த்துக்கொள்வதும் நிறுவனம். தம் சாமர்த்தியத்தால் தம் நிலையை உயர்த்திக்கொள்ள ஓட்டுநருக்கு வழியில்லை, நீண்ட நேரம் உழைப்பது ஒன்றே வழி என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. சட்டம் பேசிய மொழியில் அது பணியாளர் தகுதி பற்றிய கேள்வி. என் பார்வையில், ஒரு மனிதர் தம் தொழிலில் தேர்ந்தவராக ஆக முடியாதபடி தொழிலே வகுக்கப்பட்டிருப்பதன் விவரிப்பு அது.

இப்போது செயற்கை நுண்ணறிவு அலுவலக வேலைகளையும் இதே வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஆவணங்களைச் சரிபார்த்தல், முதல் வரைவு எழுதுதல், சிறு நிரல்களை எழுதித் திருத்துதல் போன்றவை இதுவரை புதியவர்களுக்குத் தரப்பட்ட வேலைகள். அவற்றின் விளைபொருள் மட்டுமே நிறுவனக் கணக்கில் ஏறியது. அவற்றைச் செய்யும்போது புதியவர் மூத்தவராக வளர்ந்தார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதனால் அவற்றை மென்பொருளிடம் ஒப்படைக்கும்போது மிச்சம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. மூத்தவர்கள் சரிபார்த்துக்கொள்வார்கள் என்ற சமாதானத்துக்கு உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-லேயே பதில் சொல்லியிருக்கிறார். எளிய பகுதிகளைத் தானியங்கி எடுத்துக்கொண்டால், அரிய, கடினமான தருணங்கள் மட்டுமே மனிதரிடம் வரும். அன்றாடப் பழக்கம் அற்றுப்போனதால் அந்தத் தருணத்தில் அவருடைய கை தயங்கும். இன்றைய மேற்பார்வையாளர்கள் கையால் செய்து பழகிய தலைமுறையின் சேமிப்பில் காலம் தள்ளுகிறார்கள், அடுத்தவர்களுக்கு அந்தச் சேமிப்பு இராது. ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளையும் விமானிகளின் அறையையும் கருதி எழுதப்பட்ட அந்த எச்சரிக்கை, இன்று வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் பொருந்துகிறது.

மேசையில் இதை வைத்துப் பேசி வென்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, இயந்திரம் எழுதியதை அவரிடம் தந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதிகளைப் பெற்றார்கள். எழுத்தாளர் குழுக்களில் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையும் அதே ஒப்பந்தத்தில் வந்தது. செய்திகளில் குறைவாகப் பேசப்பட்ட அந்த விதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இளம் எழுத்தாளர் மூத்தவர்களோடு உட்கார்ந்து தொழில் பழகும் அறை அதனால் தப்பிப் பிழைக்கிறது. ஸ்பெயினில் 2021-இல் வந்த சட்டம், வேலை நிலைமைகளைப் பாதிக்கும் அல்காரிதங்கள் எந்த அடிப்படையில் இயங்குகின்றன என்பதை அறியும் உரிமையைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறை, செயலி வேலைகளில் தானியங்கி முடிவுகளை மனிதர் மேற்பார்வையிட வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க 2026 டிசம்பர் வரை கெடு. தொழிலாளரின் நடத்தையையும் செயல்திறனையும் கண்காணிக்கும் கருவியை நிறுவுவதற்கு முன் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பணியாளர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது ஜெர்மனியில் 1972-இலிருந்தே சட்டம்; செயற்கை நுண்ணறிவை மதிப்பிட நிபுணர் தேவை என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்ற திருத்தத்தையும் 2021-இல் சேர்த்தார்கள். நிபுணருக்கான செலவு நிறுவனத்துடையது.

எங்கள் வட்டத்தில் இளைய நண்பர்கள் அடுத்த சம்பள ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சம்பளத்துக்கும் போனஸுக்கும் கீழே, வழக்கமாக நலத்திட்டங்கள் என்று எழுதும் இடத்துக்கு முன்னால், சிலவற்றைச் சேர்க்கச் சொல்கிறேன். புதிய இயந்திரமோ மென்பொருளோ வாங்க ஆர்டர் போடுவதற்கு முன்பே, அதில் எந்தத் தீர்மானம் யாரிடம் இருக்கும் என்பதைச் சங்கத்திடம் காட்டிப் பேச வேண்டும். ஒருவரை ஒரே ஸ்டேஷனில் நிரந்தரமாக நிறுத்திவைக்கக் கூடாது. அடுத்த வேலையைக் கற்றவருக்கு, அதைச் செய்யும் வாய்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் கற்றதற்கான படி தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பெறும் எந்த விதியும் நீண்ட காலம் நிலைக்காது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தரும் நேரத்தை உற்பத்தி இலக்கிலிருந்து கழிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத்தான் நிர்வாகங்கள் மிகவும் தயங்குகின்றன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சம்பள உயர்வை ஒப்புக்கொள்பவர்கள்கூட, மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கில் ஒரு பீஸைக் குறைக்கச் சம்மதிப்பதில்லையாம். அப்படியானால் பேச்சுவார்த்தையின் கடைசி நாளில் விட்டுக்கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்துவிட வேண்டாம் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.